வடத்தில் இடப்பக்கம் உட்காருகிறவர்

படத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அதில் நடித்தவர் பெயரையும் சொல்லப் போவதில்லை. பெயர் சொல்லாமல் பேசுவதில் எனக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம் உண்டு. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று பயமுறுத்தித்தான் எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் பெயரில் பாதி, மூன்று மைலுக்கு வடக்கே இருக்கும் முருகன் கோயில் ஊரின் பெயரிலும் இருந்து தொலைத்தது. அதனால் சந்தைக்குப் பஸ் ஏறினாலும் எனக்கு வம்புதான்.

"எங்க போகணும் ஆத்தா?" என்பான் கண்டக்டர் ராசு.

"முருகன் கோயில் ஊருக்கு."

"பழனிக்கா, திருச்செந்தூருக்கா?"

"மயில் அலையுற ஊருக்குய்யா! தெரிஞ்சுகிட்டே கேக்குறியே, ஒனக்கு நல்லாயிருக்கா?"

பஸ்ஸே சிரிக்கும். சிரிக்கட்டும் என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அவர் ஆயுசைவிட இவர்கள் சிரிப்பு பெரிதா எனக்கு?

ஐம்பத்தேழாம் வருஷம் தை மாதம், எங்கள் கிணற்றில் சினிமாப் படம் எடுத்தார்கள். மதுரை ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும் கிணறு அது. பக்கத்தில் பெரிய புளியமரம். மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கிணறு. இரண்டு மாடும் சரிவில் இறங்கும்போது, ஓட்டுகிறவர் வடக்கயிற்றின்மேல் ஏறி உட்கார வேண்டும். அவர் கனத்துக்கும் மாட்டின் இழுவைக்கும் கிணற்றுக்குள்ளிருந்து இரும்புச் சால் தளும்பிக்கொண்டு மேலே வரும். பிறகு மாடுகளைப் பின்னாலேயே நடத்திச் சரிவு ஏற்ற வேண்டும். அந்தக் கதாநாயகர் வடத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடுவதாகக் கதை.

நாலு ஊர்ச் சனமும் வேலியைச் சுற்றி நின்றது. அவர் பாவம், நல்ல மனுஷன், எல்லோருக்கும் கும்பிடு போட்டார். ஆனால் எங்கள் மாடுகள், மயிலையும் செவலையும், அவர் குரலுக்கு அசையவில்லை. கம்பெனி ஆட்கள் இருவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நாலு முழம் இழுத்தார்கள். அதற்குள் அவர் வடத்திலிருந்து சரிந்து சேற்றில் உட்கார்ந்தார். எழுந்து சிரித்தார். அப்புறம் மாட்டை நிறுத்தி வைத்து, அவரை வடத்தில் உட்கார வைத்து, பக்கத்திலிருந்து அவர் மட்டும் முழுசாகத் தெரிய எடுத்தார்கள். சனம் திருப்தியாகக் கலைந்து போனது.

மறுநாள் தைப்பூசம். ஊரே கோயிலுக்குப் போய்விட்டது. மிளகாய்க்குத் தண்ணீர் கட்ட வேண்டியிருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் தோட்டத்தில் நின்றோம். டைரக்டர் கேமராவோடும் மூன்று ஆட்களோடும் வந்து சேர்ந்தார்.

"அண்ணே, நீங்களே ஓட்டுங்க. மொகம் தெரியாது, முதுகுதான் தெரியும்" என்று கெஞ்சினார்.

என் வீட்டுக்காரர் கதாநாயகரின் சட்டையை மாட்டிக்கொண்டு, அவருடைய முண்டாசைக் கட்டிக்கொண்டு, வெயில் ஏறும்வரை இறைத்தார். நான் வாய்க்கால் ஓரத்தில் கஞ்சிக் கலயத்தோடு நின்று பார்த்தேன். போகும்போது டைரக்டர் அவர் முதுகில் தட்டி, "இந்த முதுகு இல்லேன்னா பாட்டே இல்லண்ணே" என்றார். இதைக் கேட்டது நானும் இரண்டு மாடும்தான்.

அடுத்த வருஷம் படம் டூரிங் டாக்கீசுக்கு வந்தது. வண்டி கட்டிக்கொண்டு ஊரே போனது. பாட்டு வந்தது, எங்கள் கிணறு, எங்கள் புளியமரம், எங்கள் மாடுகள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சனம் விசில் அடித்தது. என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை, ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்று, "ஏ செவந்தி! அந்தா ஓட்டுறது நான்தான்டி!" என்று கத்திவிட்டார்.

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கு விழுந்த பெயர்தான் சினிமாக்காரர். கதாநாயகர் சேற்றில் விழுந்ததைப் பார்த்தவர்கள்கூட, அவர் மறுநாள் எழுந்து ஓட்டியிருப்பார் என்று சாதித்தார்கள். அதிலும் என் கூடப்பிறந்த தம்பி ரத்தினவேல் இருக்கிறானே, அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன், அந்த நடிகருதான் ஓட்டுனாரு. மச்சான் நல்லா அள்ளிவிடுறாரு" என்று ஊரெல்லாம் சொன்னான்.

நான் சொன்னால் யார் கேட்பார்கள்? பெண்டாட்டி சாட்சி எந்தச் சபையில் ஏறும்?

சிரிப்போடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பு எப்படி இருந்தவர் தெரியுமா? வரப்புத் தகராறோ, பாகத் தகராறோ, "அவரைக் கூப்பிடு, அவர் பார்த்ததைத்தான் சொல்லுவார்" என்று ஆள் அனுப்பிக் கூட்டிப்போவார்கள். சொத்தென்று எங்களுக்கு இருந்தது அந்தக் கிணறும் அந்தப் பேச்சும்தான். பங்குனியில் வெள்ளைச்சாமி வீட்டு எல்லைக்கல் விவகாரம் வந்தது. இவர் எழுந்து, "கல்லு முன்னாடி வேலாமரத்துக்கு அங்கிட்டு இருந்துச்சு" என்றார். "படத்துல பார்த்தீங்களா?" என்று கேட்டான் ஒருவன். சபையே சிரித்தது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சோறு போட்டு வைத்தேன், தொடவில்லை. அந்த ராத்திரி எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தச் சபையில் ஒருவன் கையில் கிடைத்திருந்தால் கீரை மாதிரி ஆய்ந்திருப்பேன்.

இதற்கிடையில் ஒரு சினிமாப் பத்திரிகை, பாட்டு எடுத்த இடம் இன்ன ரோட்டில் இன்ன ஊர் என்று போட்டுவிட்டது. அவ்வளவுதான்! ஞாயிற்றுக்கிழமையானால் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சனம் வந்து இறங்கியது. கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்கள். புளியமரத்தில் பெயர் செதுக்கினார்கள். ஒரு அம்மாள் சரிவிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். என்னத்துக்கு அம்மா என்றேன். அவர் கால் பட்ட மண் என்றாள். அவர் உட்கார்ந்து எழுந்த மண் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ரத்தினவேல்தான் இடம் காட்டுகிறவன். "இங்கிட்டுத்தான் அவரு ஓட்டுனாரு, அங்கிட்டுத்தான் எளநி குடிச்சாரு" என்று கையை வீசி வீசிச் சொல்லுவான். வேன் சத்தம் கேட்டாலே என் வீட்டுக்காரர் இறைப்பதை நிறுத்திவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்த் திரும்பி உட்கார்ந்துகொள்வார். வந்தவர்கள் ஒருவர்கூட அவர் மாடு ஓட்டிப் பார்த்ததில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிறு, ஒரு வேன் வந்தது. பத்துப் பேர், எல்லாம் ரயில் பட்டறை வேலைக்காரர்கள்.

"பொன்மலையிலேர்ந்து வாரோம்மா" என்றார், மூக்குக்கண்ணாடி போட்ட பழனிச்சாமி என்பவர். அந்த ஊர்ப் பெயரும் என் வாயில் வராத பெயர்தான். தலையை ஆட்டி வைத்தேன். "இந்தப் படத்தைப் பதினோரு தடவ பார்த்துட்டேன். பாட்டு எனக்கு மனப்பாடம்" என்றார்.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். மாடுகள் பூட்டியபடியே நின்றன, சால் கிணற்றுக்குள் இருந்தது. ரத்தினவேல் தன் புராணத்தை ஆரம்பித்தான். அதைக் கேட்டு ஒரு இளவட்ட ஃபிட்டருக்கு வீரம் வந்துவிட்டது. "அவர் மாதிரி நானும் ஒரு தடவ" என்று வடத்தில் தாவி ஏறி, செவலையின் வாலைப் பிடித்து முறுக்கினான்.

செவலை மிரண்டு பாய்ந்தது. ஃபிட்டர் குப்புற விழுந்தான். பாதி ஏறின சால் தொம்மென்று உள்ளே போக, வடம் மாடுகளைப் பின்னுக்கு இழுத்தது. மயிலையின் பின்னங்கால் கிணற்று விளிம்புக் கல்லில் வழுக்கியது. நான் போட்ட சத்தம் முருகனுக்கே கேட்டிருக்கும்.

"ஹோய்... தா, தா, தா!"

அவர் குரல். வேப்பமரத்தடியிலிருந்து எப்படி ஓடிவந்தார் என்று தெரியவில்லை. முழங்கால் மடங்காத மனுஷன் அவர். மாடுகள் காதை விறைத்தன. ஒரே எட்டில் வடத்தில் உட்கார்ந்து, "போ ராசா, போ" என்றார். இரண்டும் மூச்சைப் பிடித்துச் சரிவில் இறங்கின. மயிலையின் கால் மண்ணுக்கு வந்தது. சால் மேலே வந்து, எதுவுமே நடக்காததுபோல வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டியது.

எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். பழனிச்சாமி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஐயா, ஐயா! இன்னொரு சால் இறைங்க. கோவிச்சுக்காதீங்க, ஒரே ஒரு சால்" என்றார்.

மாட்டின் பதற்றம் தணியட்டும் என்றோ என்னவோ, அவர் இன்னும் ஒரு சால் இறைத்தார். பழனிச்சாமி பின்னால் ஓடிப்போய் நின்று பார்த்தார். அப்புறம் கூட வந்தவர்களைப் பார்த்துக் கத்தினார்.

"பார்த்தீங்களாடா! எடப்பக்கம் உக்கார்றாரு! வலது காலு நீட்டிக்கிட்டு இருக்கு! நான் எத்தனை நாளாச் சொல்றேன்? படத்துல கிட்டக்க காட்டும்போது நடிகர் வலப்பக்கம் காலை மடக்கி உக்காந்திருப்பாரு. தூரத்துல முதுகைக் காட்டும்போது எடப்பக்கம், காலு நீட்டியிருக்கும். பட்டறைல இதுக்காக உங்களோட எவ்வளவு சண்டை போட்டிருக்கேன்! நடிகர் மறந்து மாத்தி உக்காந்துட்டாருன்னு சொன்னீங்களே. இது வேற ஆளுடா. இவருதான்டா அந்த முதுகு!"

அவருக்குப் பதினாறு வயசில் காளை ஒன்று மிதித்த வலது முழங்கால் அது. நான் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான் வடத்தில் உட்காருகிறார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இடப்பக்கம் உட்காருகிறவர் வேறு யாரும் கிடையாது. எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அதே படத்தைப் பார்த்தார்கள். தினமும் பார்க்கிற முதுகு என்பதால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ரத்தினவேல் இளித்தான். "அட, அது எங்க மச்சானுங்க. அவரு சும்மா..."

"நீ சும்மா இருய்யா" என்றார் பழனிச்சாமி. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். "ஐயா, உங்க பேரு என்னங்க? பத்திரிகைக்கு நானே எழுதுறேன்."

அவர் வடத்திலிருந்து இறங்கி மயிலையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எழுதுறதா இருந்தா பார்த்ததை எழுதுங்க. என் வாயால நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சொன்னா புளுகும்பாங்க" என்றார்.

பழனிச்சாமி ரத்தினவேலைப் பார்த்தார். அவன் மடியில் எதையோ தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டான். பாவி! தன் பேச்சு பொய்யாகிவிடுமே என்று, சொந்த மச்சான் பெயரைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பென்சில் நோட்டின்மேல் நின்றது. வேன்காரர் ஹாரன் அடித்தார். இன்னும் இரண்டு நிமிஷம் போனால் இவர்களும் கிளம்பிவிடுவார்கள், அவர் காலம் முழுக்கப் புளுகராகவே இருந்துவிடுவார்.

ஆயுசு குறையுமாமே, ஆயுசு! சபையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாரே, அன்றைக்குக் குறையாத ஆயுசா? நான் வாய்க்காலைத் தாண்டி நோட்டுக்கு எதிரே போய் நின்றேன்.

"எழுதிக்குங்க. மலையாண்டி!"

ரத்தினவேல் வாயைப் பிளந்தான். நான் நிறுத்தவில்லை.

"இந்தக் கிணத்துல அன்னிக்கு ஓட்டுனது மலையாண்டி. விராலிமலைக்குத் தெக்க மூணு மைல்ல இருக்குற மலையாண்டி. பக்கத்துல நின்னு பார்த்தவ நான், அவரு பொண்டாட்டி செவந்தி. அதையும் போட்டுக்குங்க!"

பழனிச்சாமி எழுதிக்கொண்டார். பிறகு நோட்டை மடக்கி வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் போய், இரண்டு கையாலும் கும்பிட்டார். மற்ற ஒன்பது பேரும் கும்பிட்டார்கள்; உடம்பெல்லாம் மண்ணாக நின்ற அந்த ஃபிட்டரும்தான்.

வேன் போனபிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "என்ன புள்ள, பேரைச் சொல்லிப்புட்ட?"

"ஆமா, சொன்னேன். இன்னொரு தடவ சொல்லவா?"

டூரிங் டாக்கீஸ் நாளுக்கப்புறம் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வைகாசிப் பத்திரிகையில் வாசகர் கடிதம் பகுதியில் ஆறு வரி வந்தது. பெயர், ஊர், இடப்பக்கம் உட்காருவது, எல்லாம் இருந்தது. டீக்கடையில் அதைச் சத்தம் போட்டுப் படித்தார்களாம். என் தம்பி ஒரு வாரம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. அடுத்த ஞாயிறு வந்தவர்களிடம், "எங்க மச்சான்தாங்க ஓட்டுனாரு, நான் அப்பவே சொன்னேன்" என்று கையை வீசிக்கொண்டிருந்தான். அவனை என்ன செய்ய?

வெள்ளைச்சாமியே நேரில் வந்து கூப்பிட்டார். எல்லைக்கல்லை மறுபடி பேசினார்கள். இவர் போய், வேலாமரத்துக்கு அங்கிட்டுத்தான் என்று அதே வார்த்தையைச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. கல்லைத் தூக்கி அங்கேயே நட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் கோயிலுக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் ராசு பையைக் குலுக்கிக்கொண்டு என்னிடம்தான் முதலில் வந்தான், கண்ணெல்லாம் குறும்பு.

"எங்க ஆத்தா? மயிலு ஊருக்கா?"

"விராலிமலைக்கு ரெண்டு டிக்கெட் குடுய்யா" என்றேன், கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரி. "ஒண்ணு எனக்கு. ஒண்ணு மலையாண்டிக்கு."