ஞாயிற்றுக்கிழமை மாணவர்

மருந்துக் கடைக்கு மேல் மாடியில் நடக்கும் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் அவனுக்கு டேக் மாஸ்டர் என்று பெயர். வீட்டில் வெறும் தம்பி. நாமும் இங்கே 'அவர்' போடாமல் அவன் என்றே சொல்லிக்கொள்வோம். அவனுக்கும் இப்போது அதில் வருத்தம் இருக்காது.

டேக் என்கிற ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் ஆட்களைக் கட்டிப்போட அவனால் முடியும். பஸ்ஸில் போனாலும் டேக், மாத்திரை விழுங்கினாலும் டேக், குளித்தாலும் டேக். உட்காருங்கள் என்று மரியாதையாகச் சொன்னாலும் டேக். விமானம் மேலே கிளம்பினாலும் டேக், பிள்ளைக்கு அப்பாவின் ஜாடை இருந்தாலும் டேக். "வெள்ளைக்காரன் சரியான கஞ்சன் சார். ஒரு சொல்லை வாங்கி வெச்சுக்கிட்டு குடும்பம் மொத்தமும் போட்டுக்குது" என்பான். வகுப்பு குலுங்கும். பக்கத்து வகுப்பில் இருந்தெல்லாம் வந்து கதவோரம் நிற்பார்கள்.

வருகிறவர்கள் எல்லாம் நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிற பெரியவர்கள். டிரைவர்கள், கடையில் நிற்கிறவர்கள், மருத்துவமனை ஆயாக்கள். சிரிக்க வைக்காவிட்டால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். அதனால் சிரிப்பு என்பது அவன் தொழிலுக்கு உப்பு. உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனதை அவன் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவனுடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை செய்கிறார். மருத்துவமனைகளில் இருந்தும் ஹோட்டல்களில் இருந்தும் வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்புகள் வந்து இறங்கும். வெளுத்து முடித்த ஈர விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, ஆவியில் காயும் உருளைக்குள் விட வேண்டும். மறுபக்கம் அது ஒரு சுருக்கம் இல்லாமல் வெளியே வரும். அத்தான் அந்த உருளையின் வாயில் நிற்கிறவர். வருஷக்கணக்கில் நின்று நின்று முன்னங்கை இரண்டும் சிவந்து, தடித்து, வெடித்துப் புண்ணாகிவிட்டன. இனிமேல் சூட்டில் நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். சூட்டில் நிற்காமல் அந்த ஆலையில் வேறு என்ன வேலை இருக்கிறது? ஒன்றுதான் இருந்தது. ஷிஃப்ட் சூப்பர்வைசர் வேலை. பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெறுகிற சமயம், அத்தானுக்குத்தான் முதல் உரிமை என்று எல்லோருமே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அங்கே ஒரு வழக்கம். பல பாஷைக்காரர்கள் வேலை செய்கிற இடம் என்பதால், ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும் முன்னும் சூப்பர்வைசர் ஒரு துணிப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று, உருளையில் துணி சிக்கினால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று ஐந்து நிமிஷம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். வேலை கேட்கிறவர் முதலில் மேனேஜர் முன்னால் ஒருமுறை அப்படி ஏறிப் பேசிக் காட்ட வேண்டும்.

"ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்குற, எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு மச்சான்" என்று அத்தான் வந்து நின்றார். "ஆனா வகுப்புக்கெல்லாம் வரமாட்டேன். இந்த வயசுல பெஞ்சுல உக்காந்து தப்புத் தப்பாப் பேசினா நாலு பேர் சிரிப்பாங்க. உன் முன்னாடின்னா எனக்குக் கூச்சமில்ல."

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைப் பாடம் தொடங்கியது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அக்கா டிவியை அணைத்துவிடுவாள். இரண்டு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, சத்தம் போடாமல் உள்ளே போய்விடுவாள். அத்தான் சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். உதடு எப்படி அசைகிறது, நாக்கு எங்கே படுகிறது என்று பார்ப்பார். அப்படி ஒரு மாணவர் அவனுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

டேக் என்றால் எடு என்று முதல் நாளே அத்தான் மனதில் ஆணியடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு தமிழில் எங்கெல்லாம் எடுக்கிறோமோ அங்கெல்லாம் டேக்கைக் கொண்டுபோய் மாட்டினார். பசி எடுக்கிறது என்பதற்கு 'ஹங்கர் இஸ் டேக்கிங்' என்றார். வாந்தி எடுத்ததற்கு 'ஐ டுக் வாமிட்'. ஒருநாள் தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, கழுத்தைச் சொறிந்துகொண்டு, நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, ரொம்ப யோசித்து, 'ஐ டுக் கேர்ள் ஃப்ரம் யுவர் ஹவுஸ்' என்றார். உங்கள் வீட்டில் பெண் எடுத்தேன் என்று சொல்கிறாராம். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அத்தானும் சிரித்தார். உள்ளே இருந்து அக்கா, "என்னடா கூத்து அங்க?" என்று குரல் கொடுத்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு தப்பும் இல்லை. மூன்று பேரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

அத்தானும் தேறிக்கொண்டு வந்தார். ஐந்து நிமிஷப் பேச்சு ஒருமாதிரி உருவம் பெற்றுவிட்டது. 'டோன்ட் டேக் இட் வித் யுவர் ஹேண்ட்' என்கிற இடம் வரும்போது அவர் குரலே மாறிவிடும். அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டிய தேவையே அவனுக்கு வரவில்லை.

இந்த நிலையில்தான் வகுப்பு முதலாளி ஒரு மாலை இலவச வகுப்பு வைத்தார். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், பிடித்திருந்தால் சேரலாம். "உன் டேக்கை எடுத்து விடு, கலக்கிடு" என்று அவனைத் தள்ளிவிட்டார். கூடம் நிரம்பி வழிந்தது. ஆனால் என்ன காரணமோ, அன்று ஒன்றும் எடுபடவில்லை. கஞ்சன் வெள்ளைக்காரனைச் சொன்னான், இரண்டு பேர் லேசாகச் சிரித்தார்கள். விமானத்தைக் கிளப்பிப் பார்த்தான், கிளம்பவில்லை. முன் வரிசையில் ஒரு அம்மாள் வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டாள். முதலாளி சுவரில் சாய்ந்துகொண்டு செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்போதுதான் அவன் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார்" என்றான். கழுத்தைச் சொறிந்தான். தோளைத் தூக்கி நெற்றியைத் துடைத்தான். கண்ணை மேலே செருகி, ரொம்ப யோசித்து, அத்தானுடைய அதே கனத்த குரலில், "ஹங்கர்... இஸ்... டேக்கிங்" என்றான்.

கூடம் வெடித்தது. கொட்டாவி விட்ட அம்மாள் பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதலாளி செல்போனைப் பையில் போட்டார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து அந்த 'ஐ டுக் வாமிட்'டை எடுத்து விட்டான். கையைப் பிசைந்தான், தடுமாறினான், அத்தான் தடுமாறுவதைவிடக் கூடுதலாகவே தடுமாறினான். கடைசியில், "ஐ டுக் கேர்ள் ஃப்ரம் தட் ஹவுஸ்" என்று சொல்லி, ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற மாதிரி நாலு எட்டு ஓடியும் காட்டினான். அந்த மூட்டை தன் கூடப் பிறந்த அக்கா என்பது அந்த நேரத்தில் அவனுக்கு உறைக்கவே இல்லை.

"யாரு சார் அந்த அறிவாளி?" என்று ஒரு பஸ் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அதெல்லாம் தொழில் ரகசியம்" என்று சொல்லித் திரும்பியவன், கடைசி வரிசையில் தூணை ஒட்டி அத்தான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

நன்றாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முடியைப் படியச் சீவியிருந்தார். எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கையும் தட்டினார். அந்தப் புண்ணான கைகளை வைத்துக்கொண்டு வலிக்காதபடி மெதுவாகத் தட்டினார்.

மீதி வகுப்பு எப்படி முடிந்தது என்று அவனுக்குத் தெரியாது. நிறையப் பேர் சேர்ந்தார்கள் என்று முதலாளி முதுகில் தட்டினார். மாடிப்படியின் கீழே அத்தான் காத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருந்துச்சு மச்சான். வயிறு வலிக்கச் சிரிச்சேன்."

"அத்தான், நான் வந்து..."

"ஷிஃப்ட் சீக்கிரம் முடிஞ்சுது. உன் புண்ணியத்துல கூச்சமெல்லாம் போயிடுச்சே, ஒருநாள் எல்லாரோடயும் உக்காந்து பாப்போம்னு வந்தேன்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு எடுத்த விஷயத்தை மட்டும் உங்க அக்காகிட்ட சொல்லிடாதே. அவ மனசு கஷ்டப்படுவா."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால், காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டிருப்பான். சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தாலும் தேவலை. அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். அவன் மருந்துக் கடை வாசலில், தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல நின்றான். வகுப்பில் இருந்து இறங்கி வந்த ஒருவர் அவனைப் பார்த்ததும் கழுத்தைச் சொறிந்து காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு ஓவர்டைம் என்று அத்தான் போன் செய்தார். அதற்கடுத்ததும் ஓவர்டைம். போனில் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. நேரில் போய்ப் பார்க்க அவனுக்குக் கால் வரவில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று நாளைத் தள்ளினான். மேனேஜர் முன்னால் பேச வேண்டிய நாள் வந்தது, போனது.

பிறகு அக்கா கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

சாப்பாட்டு மேஜையில் மூன்று தட்டு இருந்தது. அத்தான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். மணிக்கட்டில் புதுக்கட்டு வெளியே தெரிந்தது. அக்கா அவன் தட்டில் நிறையப் போட்டாள். போட்டுக்கொண்டே குமுறினாள்.

"இவரு என்ன பண்ணியிருக்காருன்னு தெரியுமா? பேசவே போகல. பேரை வாபஸ் வாங்கிட்டாராம். நேத்து வந்த ஒருத்தனுக்கு வேலையைக் குடுத்துட்டாங்க. அவன் ரிட்டையர் ஆகற வரைக்கும் இவரு அந்த உருளை முன்னாடியே வேக வேண்டியதுதான். நீ வேலை மெனக்கெட்டு ஒவ்வொரு வாரமும் வந்து சொல்லிக் குடுத்தே. எல்லாத்தையும் மண்ணாக்கிட்டாரு. உன் மூஞ்சியில முழிக்கவே எனக்கு வெக்கமா இருக்குடா."

"எனக்கு நாக்குத் திரும்பல" என்றார் அத்தான், தட்டைப் பார்த்தபடி. "மச்சான் என்ன பண்ணுவான் பாவம்? அவன் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தான். மண்டையில ஏறணுமில்ல."

அவன் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அத்தான் சாகும்வரை சொல்லமாட்டார். அக்கா அடுத்த தடவையும் இதே மாதிரி அவன் தட்டில்தான் முதலில் போடுவாள். அதை நினைத்தபோதுதான் உட்கார்ந்திருக்க முடியாமல் போனது.

"அவருக்கு நாக்கு நல்லாத்தான் திரும்பிச்சு அக்கா" என்றான். "நான்தான்..."

"சாப்பிடு மச்சான்" என்றார் அத்தான் அவசரமாக.

அவன் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. கொட்டாவி விட்ட அம்மாளில் தொடங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியது வரை சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவரு மாதிரியே பேசிக் காட்டினியா?"

"ஆமா."

"தோள்ல முகம் துடைக்கிறதையுமா?"

அவன் தலையை ஆட்டினான்.

"ரெண்டு கையும் புண்ணா இருக்கிறவரு வேற எதாலடா துடைப்பாரு?"

டேக்குக்கு எத்தனை அர்த்தம் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லக்கூடியவன், அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா கணவனைப் பார்த்தாள். "நீங்க அங்கயே இருந்தீங்களா?"

"பின்னாடி இருந்தேன். சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். விடு."

அவள் விடவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்கிறவள் போலத் தம்பிக்கு நேராக உட்கார்ந்தாள்.

"செஞ்சு காட்டு."

"அக்கா..."

"அத்தனை பேர் முன்னாடி வந்துச்சுல்ல? எனக்கும் சிரிக்கணும் போல இருக்கு. எந்திரி. எந்திரிச்சு செஞ்சு காட்டு."

அவன் எழுந்தான். ஏன் எழுந்தான் என்று கேட்டால் தெரியாது. சின்ன வயதில் இருந்தே அவள் எழுந்திரு என்றால் எழுந்து பழக்கம். எச்சில் கை காய்ந்துகொண்டிருந்தது. அத்தான் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவன் இப்படி மாட்டிக்கொண்டு விழிக்கிறானே என்கிற கவலைதான் இருந்தது. அந்தக் கவலைதான் அவனை இன்னும் கூனிக் குறுக வைத்தது.

"உக்காரு மச்சான். சாப்பாடு ஆறுது" என்றார் அத்தான்.

"உக்காராதே" என்றாள் அக்கா.

அவன் நின்றான்.