வலக்கண் துடித்தால்

முருகையன் எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தான். மயக்கம்? இல்ல. வாந்தி? இல்ல. வலிப்பு? "அய்ய, நம்ம வம்சத்துலயே கெடயாதும்மா!"

மூன்றாவது வாரமாக அதே கேள்விகள், அதே பதில்கள். கேட்டுக் கேட்டு எழுதி வஜீஹாவுக்குக் கை ஓய்ந்து போயிருந்தது.

யுத்தத்தில் மூழ்கிய சரக்குப் படகு ஒன்றைத் துண்டு துண்டாக மேலே கொண்டுவரும் குத்தகையை எடுத்திருந்தது அந்தச் சாந்தோம் மாடி ஆபீஸ். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவன் பட்டினப்பாக்கத்து முருகையன். எந்த ஆழத்துக்கு எந்தக் கலவைக் காற்று என்று அட்டவணை போடுகிறவள் வஜீஹா. தையல்காரர் அக்பர் பாஷாவின் மகள். அந்தக் குடும்பத்தில் முதல் பி.ஏ. "துணிக்கு அளவெடுக்கிற வீட்டுப் பொண்ணு, கடலுக்கு அளவெடுக்குது" என்பது மேனேஜர் சுப்புராயனின் தினப்படி வேடிக்கை. அவளுக்கு அது ஒருநாளும் வேடிக்கையாக இருந்ததில்லை.

விட்ட மூச்சையே திரும்ப இழுக்கவைக்கும் கருவி அது; கலவையில் ஆக்ஸிஜனைக் கூட்டினால் சிலிண்டர் நீண்ட நேரம் தாங்கும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஆழத்து அழுத்தத்தில் அதே ஆக்ஸிஜன் விஷம். நூற்றுக்கு அறுபது ஆக்ஸிஜன் உள்ள கலவையோடு பதின்மூன்று பாகம், அதாவது எழுபத்தெட்டு அடி வரை போகலாம் என்று, வெள்ளைக்கார மாலுமிகளைச் சோதித்து எழுதிய குறிப்பைப் பார்த்துக் கணக்குப் போட்டவள் அவள்தான். படகு கிடந்தது பன்னிரண்டு பாகத்தில். நாளைக் காலை முழுநேர இறக்கம்.

முருகையன் துண்டை உதறி எழுந்தான். "நாளைக்கும் கண்ணு துடிச்சா நல்லாருக்கும்மா."

பேனா நின்றது. "என்ன கண்ணு, அண்ணே?"

"வலது கண்ணு. போன தபா அடியில நிக்கசொல்ல துடிச்சிக்கினே இருந்துச்சு. ஒதடுங்கூட. அன்னிக்குத்தானே அந்தப் பித்தள வால்வு கெடச்சுது? ஆம்பளைக்கு வலது துடிச்சா நல்லதும்மா. இன்னா படிச்சியோ போ!"

"அதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? வலிப்பு வந்துச்சான்னு கேட்ட. வல்ல."

அவள் குறிப்பைப் புரட்டினாள். முதலில் உதடும் இமையும் துடிக்கும். அடுத்த நிமிஷமே வலிப்பு வரலாம். சிலருக்கு அந்த எச்சரிக்கையும் இராது. துடிப்பு, வலிப்பு இரண்டையும் சேர்த்து 'வலிப்பு' என்று ஒரே வார்த்தையில் தமிழாக்கி வைத்திருந்தாள். பஞ்சாங்கத்தில் துடிப்புக்கென்று ஒரு பக்கமே உண்டு. அவள் கேள்விப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

சுப்புராயன் மேஜையில் காகிதத்தை வைத்தாள். "நாற்பது கலவைக்கு மாத்தணும் சார். அறுபதோட எட்டு பாகத்துக்குக் கீழே ஆளை விடக்கூடாது."

"நாற்பதுல சிலிண்டர் பாதி நேரந்தான் வரும். ரெண்டு மடங்கு நாள் இழுக்குமேம்மா! கண்ணு துடிச்சதுக்கா?"

"தண்ணிக்குள்ள வலிப்பு வந்தா வாய்க்குழாய் கழண்டுடும் சார். மூழ்கிப் போயிடுவார்."

சுப்புராயன் நெற்றியைத் தேய்த்தார். அவரும் களைத்திருந்தார். "மேலே காரணம் கேப்பாங்க. முருகையன் பயந்துட்டான்னு எழுது. கையெழுத்துப் போடறேன்."

வாசலில் நின்ற முருகையன் உள்ளே வந்தான். "ஆருக்கு பயம்? எனுக்கா? எம் பொஞ்சாதி பாஞ்சாலி காதுல வுழுந்தா சிரிப்பா நைனா! அந்த அறுபதையே கட்டு. இப்பவே எறங்கிக் காட்றேன்."

அவன் இறங்கியும் விடுவான். வஜீஹாவுக்கு எரிச்சலாக வந்தது. அவன்மேல், சுப்புராயன்மேல், எல்லாரையும்விடத் தன்மேல். பேனாவை எடுத்து, காரணம் என்ற இடத்தில் எழுதினாள்: 'துடிப்பைப் பற்றிக் கேட்கத் தவறினேன். என் அட்டவணை பிழை.'

சுப்புராயன் படித்தார். "இதை எழுதினா உன் வேலைக்கு நான் பொறுப்பில்லை."

"தெரியும் சார். கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

"நல்ல சகுனத்தக் கெடுத்துட்டியேம்மா," என்றான் முருகையன்.

"சகுனத்தைக் கரையில வெச்சுக்குங்க அண்ணே. அடியில எந்தக் கண்ணு துடிச்சாலும் கயித்தை இழுங்க, மேலே வாங்க. சொல்லுங்க, என்ன செய்வீங்க?"

"கயித்த இழுப்பேன்."

"இன்னொரு தரம்."

"அட, இழுப்பேம்மா!"

வீடு திரும்பும் டிராமில் வஜீஹாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. ராவெல்லாம் கணக்குப் போட விழித்திருந்த அவள் இமைகளில் ஒன்று துடித்துக்கொண்டே வந்தது. எந்தக் கண் என்று அவள் பார்க்கவில்லை.