வேலிக்கு வெளியே நின்றவர்

விடிந்ததும் செங்கோடன் செய்த முதல் வேலை, அடுப்புக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்துத் தலையில் தேய்த்துக்கொண்டது. மகளுக்குப் பரிசம் போட, மலையூர்கள் பல சேர்ந்த சேளூர் நாட்டிலிருந்து ஆட்கள் கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள். புருவத்துக்கும் ஒரு இழுப்பு இழுத்தான். பிறகு தலைப்பாகையை நெற்றிவரை இறக்கிக் கட்டினான். வீட்டில் கண்ணாடி கிடையாது. இருந்தாலும் பார்க்க மாட்டான். சுனையில் குடத்தை இறக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் அவன்.

முற்றத்தில் சாமை குத்திக்கொண்டிருந்த அவன் மனைவி பாப்பாத்தி உலக்கையை நிறுத்தினாள்.

"ஏனுங்க, தலைக்குக் கரி பூசியாச்சு. கண்ணுக்கு என்னத்தப் பூசப் போறீங்க?"

"கண்ண எவன் பாக்கறான்."

"பேசறவன் பூரா கண்ணத்தானுங்க பாப்பான்."

செங்கோடன் தலைப்பாகையை இன்னும் கொஞ்சம் இறக்கினான். அவன் கண்கள் பழுத்த எலுமிச்சை இலையின் நிறம். வெயிலில் இன்னும் வெளுக்கும்.

அவன் இருந்த திருப்புலி நாட்டில் அது ரகசியமே இல்லை. யாரும் வாயால் சொல்லாத விஷயம், அவ்வளவுதான். அவன் தாய் ராக்கம்மாள் கலியாணம் முடிந்த புதிதில் காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போனாள். தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை. ஒரு மழைக்காலம் முழுக்க அவள் வீடு திரும்பவில்லை. திரும்பியபோது வயிற்றில் செங்கோடன் இருந்தான். நாட்டுக்கூட்டம் கூடியது. தாலி கட்டியவன் யாரோ அவனுக்குத்தான் பிள்ளை என்பது மலை வழக்கம். ஆனாலும் கட்டியவன் கூட்டத்தில் எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் கருப்பண்ணன் எழுந்தார். "எம்புள்ளதானுங்க" என்றார். தெண்டம் கட்டினார். ஊருக்குச் சோறு போட்டார். அதோடு முடிந்தது பேச்சு. துரை அதே வருஷம் மலைக்காய்ச்சலில் செத்து, தோட்டத்திலேயே புதைக்கப்பட்டார். வேறு துரை யாரும் வரவில்லை. தோட்டம் காடாகிப் போனது.

கருப்பண்ணன் அவனைத் தோளில் வைத்துத்தான் வளர்த்தார். கறிச்சோற்றில் ஈரல் துண்டு அவனுக்குத்தான். பின்னால் பிறந்த சொந்த மகன் முத்தன், பலாப்பழம் திருடியதற்கும் மாட்டைத் தொலைத்ததற்கும் புளியம்விளாறால் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. செங்கோடன் மீது அந்த விளாறு ஒரு முறைகூடப் படவில்லை. முத்தனின் முதுகில் தடித்துக் கிடக்கும் வரிகளைப் பார்த்து அவனுக்குப் பொறாமையாக இருக்கும். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் நினைத்துக்கொள்வான்.

மலையை விட்டுக் கீழே இறங்கினால் வேறு கதை. பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு மூட்டையை இறக்கியதும், "வாங்க, கோமணம் கட்டுன தொரை!" என்று வியாபாரி சத்தம் போடுவான். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். செங்கோடனும் சிரித்துவிடுவான், சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு வார்த்தை வரும். காங்கிரஸ் குல்லாய் வைத்த ஒரு ஆள் அவனைக் கண்டதும் பேச்சைப் பாதியில் நிறுத்தியதும் உண்டு. மலையில் முகாம் போட்ட வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சுமை தூக்க வந்தவர்கள் வரிசையில் அவன் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, செருப்பில் ஒட்டியதைப் பார்த்தவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, அவனை மட்டும் திருப்பி அனுப்பச் சொன்னார்.

இதையெல்லாம் செங்கோடன் பொறுத்துக்கொள்வான். பொறுக்க முடியாதது இன்னொன்று. சிறு பிராயத்தில் மாடு மேய்க்கப் போனவன் காடாகிப் போன தோட்டத்துக்குள் துரையின் சமாதிக் கல்லைப் பார்த்துவிட்டான். பாசி ஏறிய கல். அதில் ஏதோ எழுத்து. அன்றிலிருந்து மூடுபனி இறங்கும் நேரத்திலெல்லாம் வேலிக்கு வெளியே ஒரு ஆள் வந்து நிற்பது அவனுக்குத் தெரியும். நெட்டையான ஆள். உள்ளே வருவதில்லை. கூப்பிடுவதில்லை. ஈரக் கம்பளி வாடை மட்டும் மெல்ல வரும். கம்பளி இல்லாத வீடு மலையில் ஏது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். ஆனால் வாய்க்குக் கொண்டுபோன சோறு தொண்டையில் நின்றுவிடும். அந்த ஆளும் பசியோடு நிற்கிறான் என்று தோன்றும். பூசாரி கயிறு கட்டிப் பார்த்தார். முள்ளுக்குறிச்சி வைத்தியர் கசாயம் கொடுத்துப் பார்த்தார். "வயித்துல ஒண்ணுமில்ல. மனசுல என்னப்பா வெச்சிருக்கே?" என்று அவர் கேட்டதும், துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டான். பெண்டாட்டியிடமும் சொன்னதில்லை.

இப்போது மகள் அத்தாயியின் கலியாணம். அவளுக்கும் செம்பட்டை முடி. பெண் கேட்டு வந்த இரண்டு இடம் முடியைப் பார்த்ததும் கம்மங்கூழைக் குடித்துவிட்டு நழுவிக்கொண்டது. மூன்றாவதாக சேளூர் நாட்டுச் சின்னராசு அவளைத் திருவிழாவில் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவனுக்கு அப்பா இல்லை. மாமன் குழந்தைசாமி வைத்ததுதான் சட்டம். இந்த இடமும் தட்டிப்போனால் வேறு நாட்டிலிருந்து இந்த வீட்டுப் படலை யாரும் தள்ளித் திறக்க மாட்டார்கள். அது செங்கோடனுக்குத் தெரியும். அத்தாயிக்கும் தெரியும்.

உச்சிக்கு முன்பே ஆட்கள் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தைசாமி பெரிய மீசைக்காரர். பேச்சு மட்டும் மெதுவாக வரும்.

"மச்சான், ஊடு நல்லா இருக்குது. மொளகுக் கொடியும் நல்லா இருக்குது. பொண்ணு முடியப்பத்தி எங்க பொம்பளைங்க ஆயிரம் சொன்னாளுவ. முடியவா வெச்சுக் குடும்பம் நடத்தப் போறான்னு கேட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். செங்கோடனுக்கு உடம்பே லேசானது போலிருந்தது.

அடுத்தது ஆடு. பெண் வீட்டுத் தகப்பன் ஒரு கிடாயைக் குளிப்பாட்டி, மாலை போட்டு நிறுத்தி, வீட்டில் செத்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். கூப்பிட்டவர்கள் எல்லோரும் வந்து ஒப்புக்கொண்டால் ஆடு உடம்பைச் சிலுப்பும். உடனே தகப்பனின் கூடப்பிறந்தவன் ஆட்டுக் கயிற்றை மாப்பிள்ளை வீட்டார் கையில் கொடுப்பான். கொடுத்துவிட்டால் கலியாணம் உறுதி. பொழுது சாயும்வரை ஆடு சிலுப்பாவிட்டால் வந்தவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போவார்கள்.

முத்தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். செங்கோடன் செம்பைச் சாய்த்தான். "ஐயா கருப்பண்ணா, ஆத்தா ராக்கம்மா, புள்ளைக்குக் கலியாணம். வந்து ஒத்துக்குங்க."

ஆடு அசைபோட்டது. பாட்டன், பூட்டன் பேரெல்லாம் சொல்லி மறுபடி ஊற்றினான். தண்ணீர் வயிற்று வழியாகச் சொட்டியது. ஆடு மாலையிலிருந்த ஒரு பூவைக் கடித்துத் தின்றது.

"பேளுக்குறிச்சிச் சந்தை ஆடுங்க இது," என்றான் முத்தன். "நாம பேசறது புரியல. கீழ்நாட்டு ஆளு ஆரையாச்சும் கூட்டியாந்து பேசச் சொல்லோணும்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது.

"மச்சான், ஆரையோ உட்டுட்டீங்க," என்றார் குழந்தைசாமி. "செத்துப் பொறந்த கொழந்த, கண்ணாலம் ஆகாமப் போன பொண்ணு, ஆராச்சும் இருக்கும். நெதானமா நெனச்சுப் பாருங்க."

பாப்பாத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறந்ததும் போய்விட்ட தன் முதல் பிள்ளையை நினைவுபடுத்தினாள். பேர் வைக்காத அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டார்கள். ஆடு நின்றபடி நின்றது. வெயில் போய்விட்டது. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து மிளகுக்கொடிகளை ஒவ்வொன்றாக மறைத்தது. செங்கோடனின் பிடரி குளிர்ந்தது. திரும்பிப் பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது. ஈரக் கம்பளி வாடை.

அவன் செம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டின் பின்புறம் போனான். முத்தன் கயிற்றை முளையில் கட்டிவிட்டுப் பின்னாலேயே வந்தான்.

"ஏனுங்ணா, இதுக்கு ஏன் மூஞ்சி செத்துப் போறீங்க? அடுத்த செம்ப நான் ஊத்தறேன். காதுக்குள்ள நாலு சொட்டு உட்டாப் போதும், எப்பேர்ப்பட்ட ஆடும் துலுக்கும். ஊர்ல பாதிக் கலியாணம் அப்படித்தானுங்களே நடந்திருக்குது."

"வேண்டாம் முத்தா. கூப்புட வேண்டிய ஆளு ஒருத்தரு பாக்கி இருக்கறாரு."

முத்தனின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. அண்ணனின் கண்களைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அந்தக் கண்களின் நிறத்தைப் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

"எங்கய்யன் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு எம்புள்ளன்னு சொன்னாரு. அவரு சொன்னது பொய்யின்னு இன்னைக்கு வேத்தாளுங்க முன்னால சொல்லப் போறீங்களா?"

எங்கய்யன் என்றான். நம்மய்யன் என்றுதான் எப்போதும் சொல்வான்.

"பொய்யின்னு நான் சொல்லல சாமி."

"வேற என்ன அர்த்தம் அதுக்கு? கறி ஈரலக்கூட எனக்குக் குடுக்காம உங்களுக்குக் குடுத்தாரே, அதுக்கு இதுவா?"

அந்த ஈரல் ஒவ்வொரு முறையும் தொண்டையில் சிக்கியதை எப்படிச் சொல்வது? பசித்தவன் ஒருவன் வெளியே நின்று பார்க்கப் பார்க்கத் தின்றதை எந்த வார்த்தையில் சொல்வது? காதில் நாலு சொட்டு விட்டுவிடலாம். அத்தாயி சேளூர் நாட்டுக்குப் போய்விடுவாள். நல்லபடியாக இருப்பாள். இது தன் வியாதி, தன்னோடு போகட்டும். அவன் முத்தனின் தோளைத் தொட்டான். "சரி, நீ சொன்னபடியே செஞ்சுரு" என்று சொல்ல வாயெடுத்தான்.

"அப்பா."

பின்கதவு ஓரம் அத்தாயி நின்றிருந்தாள். புதுச்சேலை கட்டியிருந்தாள். அவள் தலையிலும் யாரோ கரி பூசியிருந்தார்கள். வேர்வையோடு அது நெற்றியில் வழிந்திருந்தது.

"கூப்புட்டுருங்கப்பா. மழை வரப் போகுது. எத்தன நேரந்தான் நனைஞ்சிக்கிட்டே நிப்பாரு?"

"ஆரு கண்ணு?"

அவள் வேலிப்பக்கம் கையைக் காட்டவில்லை. கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி, உடனே தாழ்த்திக்கொண்டாள். "நான் சின்னப் புள்ளையில இருந்தே பாக்கறேனுங்கப்பா. சொன்னா நீங்க பயந்துக்குவீங்கன்னு சொல்லல."

செங்கோடன் சுவரைப் பிடித்துக்கொண்டான். தன்னோடு போய்விடும் என்று நினைத்தது தன்னோடு நிற்கவில்லை. சேளூர் நாட்டுக்கு இவள் போனால் அந்த வீட்டு வேலியோரமும் போய் நிற்கும். இவள் பிள்ளைக்கும் ஒருநாள் சோறு தொண்டையில் நிற்கும்.

அவன் முற்றத்துக்கு வந்து செம்பை எடுத்தான். முத்தன் முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டான். அது அவன் கடமை. பாயில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் செங்கோடனுக்கு உறைத்தது. அந்த ஆளின் பேர் அவனுக்குத் தெரியாது. தாய் சொன்னதில்லை, யாரும் சொன்னதில்லை. கல்லில் இருந்த எழுத்தை அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஐயா என்று கூப்பிட முடியாது. அந்த வார்த்தை கருப்பண்ணனுடையது.

"காப்பித் தோட்டத்துத் தொரை," என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னான். "எங்காத்தா ராக்கம்மாளுக்கு என்னக் குடுத்த தொரை. உங்க பேரு எனக்குத் தெரியாது. எங்கய்யன் கருப்பண்ணன் ஊடு இது. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. உள்ள வாங்க. வந்து, அவருக்குப் பக்கத்துல உக்காருங்க."

செம்பு சாய்ந்தது. ஆடு அசைபோடுவதை நிறுத்திக் காதை விறைத்தது. அதன் பிடரி மயிர் எழுந்தது. பிறகு கொம்பிலிருந்து வால்வரை ஒரே உதறல். மஞ்சள் தண்ணீர் பாப்பாத்தியின் மேல், பாயின் மேல், குழந்தைசாமியின் மீசை மேல் எல்லாம் தெறித்தது.

ஆடு சிலுப்பினால் பெண்கள் குலவை போடுவார்கள். யாரும் போடவில்லை. குழந்தைசாமி முகத்தைத் துடைக்கவில்லை. செங்கோடனைப் பார்த்தார், வாசலுக்கு வந்து நின்ற அத்தாயியின் தலையிலிருந்து வழியும் கரியைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து நின்று, கயிற்றுக்காகக் கையை நீட்டினார்.

முத்தன் கொடுக்கவில்லை. கீழே போடவும் இல்லை. முகத்தில் சொட்டும் தண்ணீரோடு கயிற்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். குழந்தைசாமியின் கை நீட்டியபடியே இருந்தது. இருவருக்கும் நடுவில் மூடுபனி புகுந்து, முதலில் ஆட்டை மறைத்தது, பிறகு கயிற்றை.