பாத்தாச்சு

பதினொரு மணிக்கு விசாரணை அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்குள் நான் மூன்று முறை கை கழுவிவிட்டேன். கிரீஸைத் தொடவே இல்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் போக இடமில்லை.

மூன்று நாள் முன்பு எங்கள் பட்டறையிலிருந்து போன இரண்டு இருக்கை விமானம், தரையை விட்டுக் கிளம்பிய ஒரு நிமிஷத்தில் இன்ஜின் அணைந்து வயலில் விழுந்தது. ஓட்டியவர் அதன் சொந்தக்காரர், ஒரு பல் டாக்டர். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். எரிபொருள் குழாயின் நட்டு கழன்றிருந்தது. விழுந்ததில் கழன்றதா, முன்பே தளர்ந்திருந்ததா என்பதுதான் கேள்வி. அதை மாட்டியது என் தங்கை புருஷன். சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது நான்.

எங்கள் வேலையில் மாட்டியவரே சரிபார்க்கக் கூடாது. இன்னொருவர் கண்ணால் பார்த்து, ஸ்பேனர் வைத்து இறுக்கம் பார்த்த பிறகுதான் கையெழுத்து. அன்று அவர் நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, போன் வந்ததென்று நகர்ந்தார். திரும்பி வந்தபோது நான் இன்ஜின் அருகே குனிந்திருந்தேன்.

"பாத்தாச்சா?" என்றார்.

"பாத்தாச்சு" என்றேன்.

நான் சொன்னது ஆயில் அளவை. நட்டை நானே இறுக்கிப் பார்த்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். "அப்ப சரி" என்று அவர் சொன்னதை, அவர் இறுக்கிவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். யார் பார்த்தது, எதைப் பார்த்தது என்று அந்தச் சொல்லில் இல்லை. வீட்டிலும் அப்படித்தான் பேசுகிறோம். கதவு பூட்டியாச்சு, மாத்திரை போட்டாச்சு. ஆளே இல்லாமல் காரியம் முடிந்துவிடுகிறது. இன்ஜின் மூடியை மாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை டீயோடு வந்தார்.

"அக்கா, நடந்து நடந்து தரையில பள்ளம் விழப்போவுது. உக்காருங்க."

"உக்காந்தா மட்டும்?"

"நான் ஸ்பேனர் போட்டேன், நீங்க பாத்தீங்கன்னு சொல்லிடுவோம். விழுந்த வேகத்துல கழண்டிருக்கும். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா யார் பிரிக்க முடியும்?"

"மாப்ளே, பொய் சொன்னா உங்க காது செவந்துடும். சிகரெட்டை விட்டுட்டேன்னு என் தங்கச்சிகிட்ட சொன்னப்பவே பாத்தேன்."

"அதிகாரி என் காதை எதுக்குப் பாக்கறார்?" சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. எரிபொருள் வால்வைத் தான்தான் தப்பா திருப்பிட்டேன்னு டாக்டரே சொல்றாராம். அவர் சம்சாரம் போன்ல அழுதாங்க. அவர் வாயாலயே வந்துடுச்சுன்னா நமக்கு..."



எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே டாக்டரின் கை மனதில் வந்தது. படுத்தபடியே, வெறும் காற்றில் வால்வை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் கை. கையை நம்பிப் பிழைப்பவர். எழுந்த பிறகு அடுத்தவர் வாயில் ஊசி போட அந்தக் கையை எப்படி நம்புவார்? டீ ஆறிப்போனது.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். அலுவலக அறையில் என்னைத் தனியாக உட்கார வைத்தார்.

"நட்டை யாருங்க சரிபார்த்தது?"

"யாரும் பாக்கல. பாக்காமலே நான் கையெழுத்துப் போட்டேன்."

பேனா நின்றது. யார் எங்கே நின்றோம், என்ன பேசினோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியில் நான் கேட்டேன்.

"டாக்டர்கிட்ட இதை இன்னைக்கே சொல்லிடுவீங்களா?"

"அறிக்கை வர்ற வரைக்கும் நாங்க யார்கிட்டயும் சொல்றதில்லைங்க."

"எவ்வளவு நாளாகும்?"

"எட்டு மாசம் ஆகலாம்."

அடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். பதினைந்து நிமிஷத்தில் மாப்பிள்ளை வெளியே வந்தார். நான் வண்டிச் சாவியை எடுத்திருந்தேன்.

"உள்ளதைத்தான் சொன்னேன். நீங்க எப்படியும் சொல்லியிருப்பீங்க, வேற என்ன செய்ய?" என்றார். "எங்க கிளம்பிட்டீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. தப்பு அவர் கையில இல்லைன்னு சொல்லணும்."

"கேஸ் போடுவார் அக்கா."

"போடட்டும்."

லைசென்ஸ், வீடு, தங்கை என்று அவர் மனதில் ஓடியது எனக்கும் தெரிந்தது. அவரை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இருங்க, சட்டை மாத்திட்டு வர்றேன்" என்றார். "நீங்கதான் பேசணும். எனக்கு நாக்கு எழாது."