இரண்டாம் பக்கத்துக்குப் போன நால்வர்

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அவன் மனைவிக்குப் பேருந்துப் பணிமனையில் எழுத்தர் வேலை. எந்த ஓட்டுநருக்கு எந்த வண்டி, யாருக்கு என்றைக்கு விடுப்பு என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டிலிருந்தே அட்டவணை போட்டு அனுப்புவாள்.

வீட்டுக் கணினி முகம் காட்டுவதற்குள் அவள் துணி காயப்போட்டுவிட்டு வந்துவிடலாம். பார்த்துப் பார்த்துச் சலித்தவன், ஒரு சனிக்கிழமை அதிலிருந்த பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் வேறொன்றைப் போட்டான்.

"என் ஆபீஸ் ஃபைல் இதுல திறக்குமா?"

"தாராளமா. எழுத, கட்டம் போட எல்லாம் இதுலயும் இருக்கு. பேர்தான் வேற."

"பேர் வேறன்னா ஆளும் வேறதானே?"

மறுநாள் அட்டவணை ஒழுங்காகவே திறந்தது. குறை கண்டுபிடிக்க அவள் மேலும் கீழும் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. வேலையை முடித்து அனுப்பினாள். அவன் பாலம் கட்டி முடித்தவன்போலக் கைகட்டி நின்றான்.

திங்கட்கிழமை காலை அவள் மேஜைக்கு முன்னால் நான்கு ஓட்டுநர்கள் சலவைச் சட்டையோடு நின்றார்கள்.

"அக்கா, போர்டுல எங்க பேரே இல்ல," என்றார் மூத்தவர். "வேலைய விட்டே தூக்கிட்டீங்களா?"

அவள் பதறிப்போய் அச்சு இயந்திரத்தின் தட்டைப் பார்த்தாள். யாரும் எடுக்காமல் கிடந்தது இரண்டாம் பக்கம். 'இன்று விடுப்பு' என்ற வரிக்குக் கீழே அந்த நால்வரும் பத்திரமாக இருந்தார்கள். எப்போதும் ஒரே பக்கத்தில் அடங்கும் அட்டவணை என்பதால், மேற்பார்வையாளர் முதல் பக்கத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.

"லீவா?" என்றார் மூத்தவர் ஏமாற்றத்துடன். "தெரிஞ்சிருந்தா தூங்கியிருப்பேனே."

மாலையில் அவள் அந்தத் தாளைக் கணவனிடம் நீட்டினாள்.

"நாலு பேர்தான் இருக்கு," என்றான்.

"அந்த நாலு பேரும் காலையில என் முன்னாடிதான் நின்னாங்க."

அவன் உட்கார்ந்து துருவினான். ஆபீஸில் பயன்படுத்தும் ஃபான்ட் வீட்டுக் கணினியில் இல்லை. அதற்குப் பதிலாக ஒல்லியான வேறு ஃபான்ட்டில் காட்டி, கட்டங்களையும் அதற்கேற்ப ஒடுக்கியிருந்தது கணினி. ஆபீஸில் திறந்ததும் பழைய தடித்த எழுத்து வந்து, வரிகள் மடங்கி, பக்கம் வழிந்துவிட்டது.

"இங்க ஒல்லியா கிளம்பினது அங்க குண்டா போய் இறங்கியிருக்கு," என்று விளக்கினான்.

"வழியில சாப்பாடு போட்டது யாரு?"

அவன் கணினிப் பக்கம் திரும்பினான். ஆபீஸ் எழுத்தின் அதே அகலத்தில் ஒரு ஃபான்ட்டைத் தேடிப் போட்டான். ஆபீஸில் திருத்த வழக்கமான ஃபைல், அச்சடிக்க பி.டி.எஃப் என்று இரண்டையும் அனுப்பச் சொன்னான். அதோடு விடவில்லை. சோதனைக்கு ஓர் அட்டவணையை அனுப்பி, ஆபீஸில் அச்செடுத்து வரச்சொன்னான். அதை வீட்டில் அச்செடுத்த தாளின்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தான். வரிமேல் வரி உட்கார்ந்திருந்தது.

"பவர் சரியா இருக்கா?"

"ரெண்டு கண்ணுக்கும் ஒண்ணுதான்."

அடுத்த திங்கட்கிழமை அவள் மேஜைக்கு யாரும் வரவில்லை. அவளுக்கே கொஞ்சம் சப்பென்றிருந்தது.

மூன்றாவது வாரம் மேற்பார்வையாளர் வீட்டுக்குப் போன் செய்தார். ஏதோ கேட்டுவிட்டு, தன் வீட்டுக் கணினியும் மாட்டுவண்டியாகிவிட்டது என்று புலம்பினார்.

"நாங்க மாத்திட்டோம் சார்," என்றாள் அவள். "இப்ப பறக்குது. ஆனா ஃபான்ட் விஷயத்துல மட்டும் சூதானமா இருக்கணும். விவரம் தெரியாதவங்க அதுலதான் கோட்டை விடுவாங்க. நான் சொல்லித் தர்றேன்."

தம்ளர் கழுவிக்கொண்டிருந்தவன் குழாயை நிறுத்தினான். அவள் போனை வைக்கும்வரை காத்திருந்தான்.

"நீயா சொல்லித் தரப்போற?"

"ஆமா, நான் சொல்வேன். ஞாயித்துக்கிழமை நீங்க போய் செஞ்சு குடுத்துட்டு வாங்க."