முந்நூறு பேருக்கு உலை

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், பல்கலைக்கழக விடுதியில் மாதச் சாப்பாட்டுக் காசை எண்ணூறு ரூபா கூட்டப்போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் வந்தது. மட்டக்களப்புக்குப் பக்கத்தில், ஆரையம்பதியில் இடியப்பம் அவித்து விற்கும் அன்னப்பூரணி அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"படிப்பு இலவசம் எண்டாங்க. சோறு படிப்பில சேராதாக்கும்."

அதைப் பற்றிப் பேச விடுதியில் கூட்டிய பெற்றோர் கூட்டத்துக்குப் புறப்படும்போது, அந்த விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் நிருஷா போனில் கெஞ்சினாள். "வாங்க அம்மா. ஆனா ஒண்டும் கதைக்காதீங்க."

"நான் என்னத்தக் கதைக்கப் போறன்?"

கணக்கு அதிகாரி உதயரூபன் நல்ல பிள்ளை. செலவு ஏறுகிறது, மானியம் ஏறவில்லை; காசைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் முட்டையைப் பாதியாக்க வேண்டும் என்று கூட்டத்தில் கணினியில் படம் போட்டு விளக்கினார். அன்னப்பூரணி அரைமணி நேரம் வாயை அடக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பெரிய சாதனை.

"தம்பி, வெள்ளிக்கிழமை எத்தின பேருக்கு உலை வைக்கிறீங்க?"

"விடுதியில முந்நூறு பேர். முந்நூறு பேருக்கும்தான் அம்மா."

"வெள்ளிக்கிழமை பின்னேரம் என்ட மகள் வீட்ட வந்திருவாளே. அவள்ட சோத்த ஆர் தின்னுற?"

உதயரூபன் கணினியைப் பார்த்தார். அதில் வெள்ளிக்கும் முந்நூறு என்றுதான் இருந்தது. வாசலில் நின்ற சமையற்காரர் வல்லிபுரம் தொண்டையைச் செருமினார். "மிஞ்சின சோத்துக்குப் பண்டி வளக்கிறவர் வாளியோட வருவார் சேர். வெள்ளியில ரெண்டு வாளியும் போதாது."

சுனாமிக்குப் பிறகு முகாமில் நானூறு பேருக்கு ஏழு மாதம் சமைத்தவள் அன்னப்பூரணி. காலையில் கூடாரம் கூடாரமாகப் போய்த் தலையை எண்ணிய பிறகுதான் அரிசி கழுவுவாள். அதைச் சொன்னாள். விடுதி வாசலில் ஒரு பலகை வைத்தால், சாப்பிடப்போகிறவர்கள் காலையில் பெயர் எழுதலாம் என்றாள். ஒரு மாதம் செய்து பார்ப்போம் என்றார் உதயரூபன்.

மாத முடிவில் அரிசி ஆறு மூட்டை மிஞ்சியது. காசு கூடவில்லை, முட்டையும் முழுதாகவே வந்தது. பன்றி வளர்ப்பவர் மட்டும் வல்லிபுரத்தோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். பலகைக்குப் பொறுப்பாக நிருஷாவைப் போட்டார்கள். தோழிகள் அவளுக்கு 'தலையெண்ணி' என்று பெயர் வைத்தார்கள்.

விடுமுறைக்கு வந்தபோது அவள் உதயரூபனின் அறிக்கையைக் கொண்டுவந்தாள். 'தேவை அடிப்படையிலான வள முகாமைத்துவம்' என்று தலைப்பு.

"இதென்ன புள்ள?"

"எத்தின பேர் சாப்பிடுறாங்க எண்டு கேட்டுப்போட்டுச் சமைக்கிறது."

"நல்லாத்தான் எழுதியிருக்கார். என்ட பேர் எங்க?"

நிருஷா கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். 'பெற்றோர் ஒருவர்' என்றிருந்தது.

அன்னப்பூரணி அதைச் சிரித்தபடி பார்த்தாள். "அடுத்த கூட்டம் எப்பவாம்?"