ஒற்றை வளையம்

மூன்றாவது ரவுண்டானாவுக்குச் சற்று முன்னால் ட்ரெவர் காணாமல் போனான். உடம்பு அங்கேதான் இருந்தது. கைகள் ஸ்டியரிங்கின் மேல், கண்கள் திறந்தபடி, வலது கால் ஆக்சிலரேட்டரின் மேல் அப்படியே. "எஞ்சினப் பத்தி நைஜல் என்ன சொல்றாருன்னா..." என்று தொடங்கிய பேச்சுதான் பாதியில் நின்றிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த அவன் மனைவி கெய்ல் எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. முன்னால் போன செங்கல் லாரியின் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. மூன்று. அதன் பின்கதவில் படிந்திருந்த சேற்றில் யாரோ விரலால் வரைந்திருந்த சிரித்த முகம் தெரிந்தது. நான்கில் அவளுடைய கை ஸ்டியரிங்கை நோக்கி நீண்டது. ஐந்தில் அவன் திரும்பி வந்து பிரேக்கை மிதித்தான்.

"...ரெண்டுமே நல்லதுதான், எதுக்கு வேணும்ங்கறதப் பொறுத்துன்னாரு," என்றான். பிறகு லாரியைப் பார்த்து, "இவன் ஏன் இப்படி உருட்டறான்? எந்தப் புண்ணியவான் லைசென்ஸ் கொடுத்தான்?" என்று திட்டினான்.

கெய்ல் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள்.

அவளுக்குத் தெரிந்து இது மூன்றாவது முறை. அக்டோபரில், சமையலறைத் தொட்டியின் முன்னால், கையில் தட்டோடு நின்றுவிட்டான்; தண்ணீர் சட்டைக் கை முழுவதையும் நனைத்த பிறகுதான் அசைந்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் சிக்னலில் பச்சை விழுந்து, மஞ்சள் விழுந்து, மறுபடி சிவப்பும் விழுந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். களைப்பு என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதுகூடச் சரியில்லை, அப்படி நினைக்க ஆசைப்பட்டாள். முப்பத்தொரு வருடம் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரத்து மேடுகளிலும் பள்ளங்களிலும் பஸ் ஓட்டியவன். ஒரு கிழவியின் காய்கறிப் பையைக்கூடச் சாயவிட்டதில்லை என்று சொல்லிக்கொள்வான். அது பொய்யும் இல்லை. ஓய்வு பெற்றதும் தன் கையாலேயே ஒரு கார் கட்டப்போகிறேன் என்று இருபது வருடமாகச் சொல்லிவந்தான். அறுபதுகளின் பந்தயக் கார், கூரை இல்லாதது, நாகப்பாம்பின் பெயர் கொண்டது. அசல் கார்களைக் கோடீஸ்வரர்கள்தான் வாங்க முடியும். அச்சு அசலான நகலை, நைஜலைப் போன்றவர்களின் தகரக் கொட்டகையிலிருந்து பாகம் பாகமாக வாங்கி, வீட்டு கராஜில் வைத்துத் தானே பூட்டிக்கொள்ளலாம். அதன் படம் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலேயே வெளுத்துப்போய்விட்டது.

டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், லைசென்ஸ் போய்விடும். எதிர்வீட்டு ரோனுக்கு அப்படித்தான் கடிதம் வந்தது. அவருடைய கார் இரண்டு வருடம் வாசலிலேயே நின்று, கண்ணாடி ஓரங்களில் பாசி பிடித்தது. ரோன் ஜன்னலருகே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார், செத்துப்போகும் வரை. சொன்னால் அந்த ஜன்னல். சொல்லாவிட்டால் அந்த லாரி. கெய்லின் நெஞ்சுக்குள் இரண்டும் மாறி மாறி வந்து போயின.

நைஜலின் கொட்டகையில் டீசல் ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. குளிர் குறைந்தபாடில்லை. நைஜல் அறுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர், காதில் பென்சில். அவர்கள் கொண்டுவந்திருந்த, பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய ஓட்ஸ் அப்பத்தை வாங்கி நின்றபடியே கடித்துக்கொண்டு, ஸ்டாண்டில் பூட்டியிருந்த இரண்டு எஞ்சின்களைக் காட்டினார்.

"இது நம்ம ஊரு. பழைய ஜீப்புல இருந்து எடுத்தது. எட்டு சிலிண்டர், இருநூறு குதிரை. சாது. அது அமெரிக்காக்காரன். புதுசு. நானூத்தி முப்பது."

"சாதுவே போதும்," என்றாள் கெய்ல்.

நைஜல் சிரித்தார். "எல்லா வீட்டம்மாவும் இதத்தாங்க சொல்வாங்க. வர்றவங்க எல்லாரும் சின்னதக் கேட்டுட்டு வருவாங்க, பெரிசத்தான் எழுதிட்டுப் போவாங்க."

"நான் முப்பத்தொரு வருசமா மாட்டுவண்டி ஓட்டுனவன் நைஜல்," என்றான் ட்ரெவர். "ஒரு நாளாச்சும் பறந்து பாக்க வேணாமா?"

"பறக்கலாம் சார். ஆனா ஒண்ணு, முன்னாலயே சொல்லிடறேன். இதுல ஏர்பேக் கிடையாது. வழுக்குனா பிடிச்சு நிறுத்துற கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. நீங்க, பெடலு, கடவுளு. அவ்வளவுதான்." பேண்ட்டை முழங்கால் வரை தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். நீளமாக, பளபளப்பாக ஒரு தழும்பு. "கதவுக்குக் கீழேயே புகைக்குழாய் ஓடும். இறங்கறப்ப மறந்தா இப்படி. பாம்புக்கடின்னு சொல்லிக்குவோம். இது இல்லாதவன நாங்க கூட்டத்துல சேக்கறதில்ல."

ட்ரெவர் பள்ளிப் பையனைப் போலச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்தபோது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

நைஜல் படிவத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நிறம்? நீலம். நடுவில் வெள்ளைப் பட்டை? ஆமாம். ஹீட்டர்?

"வேணும்," என்றாள் கெய்ல்.

"அசல்ல இருந்துச்சா?" என்றான் ட்ரெவர்.

"அசல்ல பொண்டாட்டியும் இல்ல சார். ஹீட்டர் போட்டுக்கறேன்." எழுதிவிட்டு நிமிர்ந்தார். "வண்டி கவுந்தா தலையக் காப்பாத்துற கம்பி வளையம். ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு. அசல்ல ஓட்டுறவன் பின்னாடி மட்டுந்தானே இருக்கும்."

"அப்ப என் தல?" என்றாள் கெய்ல்.

"நீ குனிஞ்சுக்க." ஆண்கள் இருவரும் சிரித்தார்கள். பெரும்பாலும் ஒன்றுதான் கேட்கிறார்கள், இரண்டு போட்டால் பந்தயக் கார் மாதிரி இருக்காது என்று நைஜல் அவளுக்கு விளக்கினார். ஆனால் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம் என்று அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார்.

பிறகு முழுதாகக் கட்டி முடித்த சிவப்பு வண்டியில் ட்ரெவரை உட்காரச் சொன்னார். அமெரிக்க எஞ்சின் போட்டது. கியர் நியூட்ரலில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அடிங்க சார்," என்றார். ட்ரெவர் பொத்தானை அழுத்தினான். தகரக் கூரை அதிர்ந்தது. மேஜை மேலிருந்த தேநீர்க் கோப்பையில் வளையம் வளையமாக அலை எழுந்தது. அவன் மெல்ல மிதித்தான், விட்டான். மறுபடி மிதித்தான். இந்த முறை விடவில்லை.

சத்தம் ஏறி உச்சத்தில் நின்றது. ட்ரெவரின் முகம் நேராக இருந்தது, கண்கள் திறந்திருந்தன. நைஜல் கட்டை விரலை உயர்த்திக் காட்டி, "மனுசன் சொக்கிட்டாரு!" என்று கத்தினார். கெய்ல் எண்ணினாள். நான்கு. ஐந்து. இடது கையின் இரண்டு விரல்கள் அவனுடைய தொடையில் எதையோ பொறுக்குவது போலத் துடித்தன. ஏழு. முன்னால் வெறும் சுவர்தான், அதில் ஒரு டயர் நாள்காட்டி. ஆனால் அவளுக்கு அந்த லாரியின் சிரித்த முகம் தெரிந்தது. ஒன்பது. நைஜலின் சிரிப்பு சுருங்கியது. அவர் குனிந்து சாவியைத் திருப்பி அணைத்தார்.

அமைதி காதை அடைத்தது. சூடான இரும்பு டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. பதின்மூன்றில் ட்ரெவர் கண் சிமிட்டினான். எச்சிலை விழுங்கிவிட்டு நைஜலைப் பார்த்து ஆவலோடு கேட்டான்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?"

நைஜல் ஒரு கணம் விழித்தார். பிறகு பலமாகச் சிரித்தார். "நல்ல ஆளு சார் நீங்க! எனக்கே ஒரு நிமிசம் வெலவெலத்துடுச்சு." ட்ரெவரும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல். சிரித்தபடியே கெய்லைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை; எண்ணிய விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன. அவளுடைய முகத்தில் அவன் எதையோ படித்தான். கொட்டகையில் நிறைந்திருந்த பெட்ரோல் புகையை முகர்ந்தான். கையை இறக்கிப் புகைக்குழாயின் பக்கம் கொண்டுபோனான். தொடாமலே சூட்டை உணர்ந்து இழுத்துக்கொண்டான். அவனுடைய சிரிப்பு வாயிலேயே மாட்டிக்கொண்டு நின்றது.

"கடைசி வேலை," என்றார் நைஜல், எதையும் கவனிக்காமல். உடல் பூட்டாத வெறும் இரும்புச் சட்டம் ஒன்று அளவெடுப்பதற்காக ஓரத்தில் இருந்தது. அதில் இரண்டு இருக்கைகள். ஒன்றின் பின்னால் மட்டும் வளையம். "இதுல சீட்டு நகராது. பெடல்தான் நகரும், அதுவும் ஒரே ஒரு தடவ. ஓட்டுறவங்க கால அளந்து வெல்டு வெச்சிடுவோம். தையக்காரன் கணக்கா. அப்புறம் வேற யார் உக்காந்தாலும் முட்டி இடிக்கும், இல்ல கால் எட்டாது. வாங்க சார்."

ட்ரெவர் இதற்கென்றே மெல்லிய அடி வைத்த, பஸ் ஓட்டிய காலத்துப் பழைய ஷூவைப் பையில் கொண்டுவந்திருந்தான். பையைக் கையில் பிடித்தபடி சிவப்பு வண்டியருகே நின்றுகொண்டிருந்தான். நகரவில்லை.

கெய்ல் பதினொரு வருடமாக சூப்பர்மார்க்கெட்டைத் தாண்டி வண்டி ஓட்டியதில்லை. ரவுண்டானா என்றாலே பயம். கோட்டைக் கழற்றிப் பணிமேஜையில் போட்டாள். பூட்ஸைக் கழற்றினாள். சட்டத்தின் குழாயைத் தாண்டிக் காலை வைத்து, வளையம் இருந்த ஓட்டுநர் இருக்கையில் இறங்கி உட்கார்ந்தாள். காலுறையோடு பாதங்களை நீட்டினாள். பெடல்கள் எட்டாத தூரத்தில் இருந்தன.

"என் கால அளங்க," என்றாள்.

நைஜல் அவளைப் பார்த்தார், ட்ரெவரைப் பார்த்தார். "அம்மா, விளையாட்டுக்குச் சொல்றீங்களா? இதுக்கப்புறம் சாரால ஓட்டவே முடியாது."

"தெரியும். அளங்க."

"சார்?" என்றார் நைஜல், ட்ரெவரிடம்.

அவன் கொட்டகை வாசலைப் பார்த்தான். கூரை மேல் மழை விழத் தொடங்கியிருந்தது. வெளியே அவர்களுடைய கார் நனைந்துகொண்டிருந்தது. அதன் சாவி அவனுடைய சட்டைப் பையில் இருந்தது. வீட்டுக்கு நாற்பது மைல். நைஜல் மெதுவாக மண்டியிட்டு, அளவு நாடாவின் நுனியை அவளுடைய குதிகாலில் வைத்தார். நாடாவின் உலோகம் காலுறையையும் மீறிச் சில்லிட்டது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ட்ரெவர் பையைக் கீழே வைத்தான். சட்டத்தைச் சுற்றி மறுபக்கம் வந்தான். நீளமான கால்களை ஒவ்வொன்றாக, எதுவும் சுடாத இடத்திலும் சுட்டுவிடும் என்று பயப்படுகிறவனைப் போலத் தூக்கி வைத்து, அவளுக்கு அருகே உட்கார்ந்தான். இருவரும் முன்னால் இருந்த சுவரையே பார்த்தார்கள்.

"எத்தன எண்ணுன?" என்று கேட்டான், நைஜலுக்குக் கேட்காத குரலில்.

"பதிமூணு."

நைஜல் அளவைச் சொல்லிக்கொண்டே காதிலிருந்த பென்சிலை எடுத்தார். படிவத்தைத் திருப்பினார். "சரி, அப்ப இந்த வளையம். ஒண்ணா, ரெண்டா?"

ட்ரெவர் கையைத் தூக்கித் தன் தலைக்குப் பின்னால் கொண்டுபோனான். விரல்கள் விரிந்து, மூடி, மறுபடி விரிந்து, அந்த இருக்கைக்கு இல்லாத கம்பி வளையத்தைக் காற்றில் தேடிக்கொண்டிருந்தன.